சும்மா ஒரு சுத்து

சாந்தி மேரிக்கு வயது நாற்பத்தெட்டு. போன வருஷம் வரைக்கும் அவள் காரணமில்லாமல் எங்கேயும் போனதில்லை என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். பூசைக்குப் போயிருக்கிறாள், சந்தைக்குப் போயிருக்கிறாள், சாவுக்கும் வளைகாப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறாள். சின்ன வயதில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய், அந்தத் தோட்டு எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்து கறுத்திருக்கிறது. கல்யாணமாகி வரதராஜன்பேட்டைக்கு வந்தாள், இரண்டு பிள்ளை பெற்றாள், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது, அதற்கும் போய்வந்துகொண்டிருந்தாள். சும்மா ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதுகூட இல்லை. எல்லாம் அந்தச் சாம்பல் நிற ஸ்கூட்டர் கையில் சிக்கும் வரைதான்.

ஸ்கூட்டர் அவளுடையதில்லை, வீட்டுக்காரர் மரிய ஆல்பர்ட்டுடையது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர், தங்கமான மனுஷன், ஒரே ஒரு கிறுக்கு உண்டு. மைலேஜ்! ஊரில் யாராவது புது வண்டி வாங்கினால் மற்றவர்கள் விலையைக் கேட்பார்கள், இவர் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்பார். தன் வண்டி ஐம்பது கொடுக்கிறது என்று அவர் சொல்லும்போது ஒரு முகம் வரும் பாருங்கள், மகள் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிவந்த அன்றைக்கு வந்த முகம் அது. இத்தனைக்கும் வண்டியின் ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து இரண்டு வருஷம் ஆகிறது. பெட்ரோல் முள்ளும், டேங்க் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும், சிவப்புக் கோட்டிலேயே படுத்துக்கிடக்கும். அவருக்கு அதெல்லாம் எதற்கு? பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், எத்தனை நடை போனோம், போட்ட இரண்டு லிட்டர் எந்தக் கிழமை வரை வரும், எல்லாம் மனக்கணக்கு. எஞ்சின் சத்தத்தை வைத்தே நாற்பதைத் தாண்டாமல் ஓட்டுவார். மேரியைப் போகிற வழியில் அவள் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போய்ப் போய் அவளுக்கு வேலியும் முந்திரித் தோப்பும் தெரியும், ஆல்பர்ட்டின் முதுகு தெரியும். எதிரே வருகிற ரோடு எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது.

போன வருஷம் ஆல்பர்ட்டுக்குச் சிக்குன்குனியா வந்து மூட்டெல்லாம் பூட்டிக்கொண்டது. பஸ்ஸை நம்பினால் பிள்ளைகளுக்குச் சோறு மூன்று மணிக்குத்தான் வேகும். திருச்சியில் நர்சிங் படிக்கிற மகள் ஷாலினி மேரி லீவில் வந்தவள், அம்மாவைக் கோயில் மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். முதல் நாள் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் மேரி இரண்டு கையையும் விட்டுவிட்டு மாதாவைக் கூப்பிட்டாள். அங்கே மாதா சிலை வைத்திருக்கிற கெபியைச் சுற்றி நட்டிருந்த செம்பருத்தியில் ஒன்று அன்றைக்கு மோட்சம் போனது. ஆனாலும் அந்த வாரமே அவள் தனியாக ஆண்டிமடம் ரோட்டில் ஏறிவிட்டாள். முன்னால் யாருடைய முதுகும் இல்லை. ரோடு நேராக அவளிடம் வந்துகொண்டிருந்தது, காற்று முகத்தில் அடித்தது. அட, இது இத்தனை நாள் எங்கே இருந்தது என்று அவளுக்கு ஆங்காரமே வந்துவிட்டது.

ஆல்பர்ட் தேறினார், வண்டி அவர் கைக்குப் போனது, மேரி பின்சீட்டுக்குப் போனாள். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆல்பர்ட் பாட்டுக்குழுவுக்கு ஆர்மோனியம் வாசிக்கக் கோயிலுக்கு நடந்தே போவார். வண்டி வாசலில் சும்மா நிற்கும். சாவி ஆணியில் தொங்கும். ஒரு மனுஷி எத்தனை சனிக்கிழமைதான் அதைப் பார்த்துக்கொண்டு மாவு அரைப்பாள்?

முதல் நாளே தெருமுனையில் அம்சவள்ளி பிடித்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்லக் கூடாது. எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்பது நம் பக்கத்தில் ஒரு மரியாதை, கேட்காவிட்டால்தான் சண்டை. ஆனால் கேள்விக்கு ஒரு பதில் வேண்டுமே! சும்மா என்று டீக்கடையில் நிற்கிற ஆம்பிளை சொல்லலாம். கல்யாண வயதில் மகனை வைத்திருக்கிற பொம்பிளை சொன்னால், அவள் ஆண்டிமடம் போய்ச் சேருவதற்குள் பேச்சு ஜெயங்கொண்டம் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் மேரி உப்பு வாங்கப் போவதாகச் சொன்னாள். சொன்ன வாய்க்காக உப்போடு திரும்பினாள். அடுத்த சனிக்கிழமையும் உப்பு. அப்புறம் புளி, மறுபடி உப்பு. பரணில் கல்லுப்பு மூட்டை மூட்டையாக ஏறியது. இந்த வீட்டில் கருவாடு போடப்போகிறோமா என்று ஆல்பர்ட் ஒருநாள் கேட்டார். பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்லிச் சமாளித்தாள்.

பொய் நெஞ்சை அறுக்காமல் விடுமா? ஈஸ்டர் பாஸ்காவுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டாள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாராவாரம் வண்டி எடுத்துக்கொண்டு போகிறேன் சாமி என்றாள். அந்தப் பக்கம் சாமியார் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. எங்கே போகிறாய் என்றார். எங்கேயும் போகவில்லை, சும்மா போய்விட்டு வருகிறேன் என்றாள். நாற்காலி மறுபடி சாய்ந்த சத்தம் கேட்டது. பிறகு சாமியார் கேட்டார்: "ஹெல்மெட் போட்டுக்கிறியாம்மா?" உப்புக்குச் சொன்ன பொய்க்கு மட்டும் மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொல்லி அனுப்பினார். ஓசூரில் வேலை பார்க்கிற மகன் லியோ பிரபு விட்டுப்போன ஹெல்மெட் அன்றிலிருந்து அவள் தலையில் ஏறியது.

கடவுள் மன்னித்துவிட்டார், பெட்ரோல் டேங்க் மன்னிக்கவில்லை. வெள்ளி வரை வர வேண்டிய இரண்டு லிட்டர் வியாழனோடு தீர்ந்தது. ஆல்பர்ட் கணக்குப் போட்டுப் பார்த்தார், ஐம்பது முப்பத்தெட்டாக இறங்கியிருந்தது. அவர் முகம் தொங்கிப்போனது. ஆண்டிமடத்தில் மெக்கானிக் விக்கியிடம் போனார். விக்கி பிளக்கை மாற்றினான், ஏர் ஃபில்டரை மாற்றினான், வண்டி கல்லு மாதிரி இருக்கிறது சார் என்று சத்தியம் பண்ணினான். ஆல்பர்ட் நம்பவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, எஞ்சின் உள்ளே ஏதோ போய்விட்டது மேரி, வெளியே தெரியவில்லை என்று வீட்டில் ஒரு ஆளுக்கு உடம்பு சரியில்லாத மாதிரிச் சொன்னார். கடைசியில் முடிவும் எடுத்துவிட்டார். திங்கட்கிழமை ஸ்கூட்டரை விக்கியிடமே கொடுத்துவிட்டுக் கியர் பைக் ஒன்று எடுத்துக்கொள்வது. எழுபது கொடுக்குமாம். சேலை மாட்டாமல் இருக்கப் பின்சக்கரத்துக்குக் கம்பிவலையும் போட்டுத் தருவானாம்.

மேரிக்குச் சோறு இறங்கவில்லை. கியர் வண்டி அவளுக்கு ஓட்டத் தெரியாது, இனிமேல் கற்றுக்கொள்கிற வயதும் இல்லை. அந்தக் கம்பிவலைக்குப் பக்கத்தில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு மறுபடியும் வேலியைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் வண்டி தங்கும். மூன்று தரம் வாய் வரைக்கும் வந்தது. அவர் திட்டுவார் என்ற பயமில்லை, அந்த மனுஷனுக்குத் திட்டவே தெரியாது. எதுக்குப் போன என்று கேட்பாரே, ஒரு சொட்டு வீணாக்காத மனுஷன், அவரிடம் எதற்கு என்று சொல்வது? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் மூன்று தரமும் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. ஆல்பர்ட் கோயிலுக்குப் போனதும் மேரி சாவியை எடுத்தாள். அன்றைக்கு அம்சவள்ளி கேட்டதற்கு என்ன பதில் சொன்னாள் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. இன்றைக்கு ஒருநாள் மனசாரப் போய்விட்டு வந்துவிடுவோம் என்று வழக்கத்தைவிடத் தூரம் போனாள். திரும்பி வரும் வழியில், ஏரியைத் தாண்டி இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பாக இருக்கிற இடத்தில், வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. உதைத்துப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. ரோட்டில் ஒரு ஈ காக்கா இல்லை. வேறு வழியில்லாமல் ஆல்பர்ட்டுக்கே போன் போட்டாள். எங்கே நிற்கிறாள் என்று கேட்டார், சொன்னாள். அந்தப் பக்கம் பாட்டுக்குழுவின் பாட்டு நின்றது கேட்டது.

"அங்கேயே நில்லு. வரேன்," என்றார்.

வெயில் இறங்குகிற நேரத்தில் கோயில் உபதேசியாரின் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கேரியரில் ஒரு பெட்ரோல் கேன் கட்டியிருந்தது. மூச்சு வாங்கி முடித்துத்தான் பேசினார். மத்தியானம் அவள் தூங்கும்போது டேங்கில் இருந்த பெட்ரோலையெல்லாம் இந்தக் கேனில் பிடித்துவைத்துவிட்டு, அளந்து அரை லிட்டர் மட்டும் ஊற்றிவைத்திருந்தாராம். நாளைக் காலை பூசை முடிந்ததும், அது எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று கடைசியாக ஒருதரம் பார்த்துவிடலாம் என்றுதான்.

"நீ எதுக்கு இங்க வந்த?" என்று கேட்டார்.

மேரி உப்பைத் தேடினாள். இந்த முந்திரிக்காட்டில் உப்புக்கு எங்கே போவது?

"சும்மாங்க," என்றாள். "வாராவாரம் வரேன். நீங்க பாட்டுக்குழுவுக்குப் போறப்ப."

ஆல்பர்ட் அவளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாத்தியார் கை தானாக விரலை மடக்கத் தயாரானது. எந்தெந்த வழியாகப் போவாய், ஒன்று விடாமல் சொல் என்றார். அவள் விசாரணை என்று நினைத்தாள். அவர் போட்டது கணக்கு.

பரீட்சையில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரித்தான் ஆரம்பித்தாள். கோயிலைத் தாண்டி ஆண்டிமடம் ரோடு என்றாள். ஆல்பர்ட் ஒரு விரலை மடக்கினார். அங்கிருந்து ஏரிக்கரை. இன்னொரு விரல். ஏரிக்கரையில் சாயங்காலம் கொக்கு வந்து இறங்கும், அதற்காகக் கொஞ்சம் நிற்பேன் என்றாள். அப்புறம் செங்கல் சூளை, அதைத் தாண்டி ஒரு வளைவு, வைகாசியில் அந்த வளைவில் பலாப்பழ வாசனை ஆளைத் தூக்கும். ஒரு சனிக்கிழமை கங்கைகொண்ட சோழபுரம் கோபுரம் தெரிகிற வரைக்கும் போய், தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். சூளைக்கு அப்பால் ஒரு சரிவு. அதில் ஆக்சிலேட்டரை விட்டாலும் வண்டி தானாக இறங்கும், வயிற்றுக்குள் என்னமோ பண்ணும்.

"அங்க மட்டும் வாயத் தொறந்து பாடுவேங்க."

"நீயா?"

"ஹெல்மெட்டுக்குள்ள பாடுனா யாருக்குக் கேக்கப்போவுது?"

எந்த இடத்தில் அவர் விரல் மடக்குவதை நிறுத்தினார் என்று மேரி கவனிக்கவில்லை. பேச ஆரம்பித்தவளுக்கு நிறுத்த முடியவில்லை.

"அந்தச் சரிவுல எறங்கறப்ப நான் யாரு வூட்டு ஆளு, என்ன வேலை கெடக்கு, எல்லாம் மறந்துபோயிடுதுங்க. சந்தோஷமா இருக்கு. அவ்வளவுதான். வேற காரணம் ஒண்ணும் இல்ல."

ஆல்பர்ட் வண்டி சீட்டைத் தடவிக்கொடுத்தார். 

"அப்ப வண்டிக்கு ஒண்ணும் இல்ல," என்றார். "வண்டிக்கு ஒண்ணுமே இல்ல மேரி."

மேரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்டார், கோபமாக இல்லை, மனத்தாங்கலாக. எதுக்குன்னு கேட்டிருப்பீங்களே என்றாள். அவர் யோசித்துப் பார்த்தார்.

"கேட்டிருப்பேன்தான்," என்று ஒத்துக்கொண்டார்.

கேனில் இருந்ததை ஊற்றினார்கள், வண்டி ஒரே உதையில் கிளம்பியது. அவர் சைக்கிளில் ஏறினார். தன் வீட்டுக்காரர் வேர்க்க விறுவிறுக்க மிதிக்கும்போது தான் மட்டும் எப்படி முன்னால் போவது என்று மேரி அவர் பக்கத்திலேயே ஊர்ந்துகொண்டு வந்தாள். கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார், அதற்கு மேல் அவருக்குத் தாங்கவில்லை. இப்படி உருட்டிக்கொண்டு வந்தால் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துவிடும், எனக்காக மெதுவாக வராதே, நீ முன்னால் போ என்று கையை ஆட்டினார். மேரி போனாள். அவள் இப்படிப் போவது வீட்டில் ஒருத்தருக்குத் தெரியும் என்கிற நிம்மதியோடு அந்த ரோட்டில் போனது அதுதான் முதல் தடவை. வளைவு வரும்போதெல்லாம் நின்று, சைக்கிள் மணி கேட்கிற வரைக்கும் காத்திருந்து, பிறகு போனாள்.

மறுநாள் பூசை முடிந்ததும் ஆல்பர்ட் விக்கிக்குப் போன் போட்டு, வண்டி கொடுக்கவில்லை, வண்டியில் கோளாறு இல்லை, தன் கணக்கில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டார். பிறகு சாவியை மேரியிடம் நீட்டினார். கோயில் வாசலில் ஊரே பார்க்க அவள் ஹேண்டில்பாரைப் பிடிக்க, அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பாட்டுக்குழுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அம்சவள்ளி கேட்க வந்த கேள்வியைக் கேட்க மறந்து நின்றாள். ஆல்பர்ட்டுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது, ஆனாலும் இறங்கவில்லை.

ஆண்டிமடம் ரோட்டில் பெட்ரோல் பங்க். எப்போதும் பெட்ரோல் போடுகிற பூமாலை, கேட்காமலே மெஷினில் இரண்டு லிட்டருக்குப் பொத்தானை அழுத்தப் போனாள். ஆல்பர்ட் தடுத்தார்.

"ஃபுல் பண்ணும்மா."

பூமாலைக்கு ஆச்சரியம். இத்தனை வருஷத்தில் சார் இப்படிக் கேட்டதே இல்லை.

"எங்க சார், வேளாங்கண்ணிக்கா?"

"எங்கயும் இல்லம்மா. எங்க வூட்ல சும்மா ஓட்டுவாங்க. அதுக்குத்தான்."

வண்டி லிட்டருக்கு ஐம்பது கொடுக்கிறது என்று சொல்லும்போது வருமே ஒரு முகம், அதே முகத்தோடு சொன்னார். சாந்தி மேரி அவசரமாக ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். உள்ளே அழுதால் வெளியே தெரியாது பாருங்கள்.