ஷட்டில் கோர்ட்டில் ஏறிய கார்

"ஏனுங்க பாய், வண்டிக்கு மூக்குல ரத்தம் வருதுங்க!"

சனிக்கிழமை காலை, மெக்கானிக் கடையைத் திறந்து டீ கூடக் குடிக்கவில்லை. போனில் சரசு இப்படிக் கத்தினாள். முந்தின நாள் சாயந்திரம்தான் அவளுடைய காருக்குக் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றி, "இனி குதிரை மாதிரி ஏறும் கண்ணு" என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

"எங்க நிக்கிற?"

"கீழ எறங்கிட்டுத் திரும்பி ஏறறப்ப, அதே பதினேழாவது வளைவுதானுங்க. செவப்பா ஒழுகுதுங்க. கொரங்கெல்லாம் சுத்தி நின்னு வேடிக்கை பாக்குதுங்க."

என்னுடைய பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஆட்டோமேட்டிக் வண்டியில் கை வைக்கப்போகும் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். சிரித்துக்கொண்டே படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

1. காரும் அண்ணனும்

ஏற்காட்டில் என் கடைக்கு வருவதெல்லாம் ஜீப், டூவீலர், எஸ்டேட் டிராக்டர். ஆட்டோமேட்டிக் கார்கள் மலைக்கு வரத் தொடங்கியது சமீபத்தில்தான். அவற்றுக்கு பிரேக் பார்த்திருக்கிறேன், பேட்டரி மாற்றியிருக்கிறேன். கியர்பாக்ஸைத் திறந்து ஆயில் மாற்றியது சரசுவின் வண்டிக்குத்தான் முதலில்.

சரசு நாகலூர்க்காரி. மிளகும் காபியும் போட்டுப் பிழைக்கும் மலைக்காரக் குடும்பம். டூவீலரில் விழுந்து உடைந்த இடது கணுக்கால் மடங்காமலே கூடிவிட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் தேடிப்பிடித்து ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கினாள். சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

இறங்கும்போது கார் சமர்த்தாக இறங்கும். ஏறும்போது பதினேழாவது கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் மட்டும் உறுமும், வண்டி நகராது. ஒவ்வொரு தடவையும் அவளுடைய அண்ணன் பெருமாள் பைக்கில் வந்து பக்கத்தில் நின்று, வண்டி சூடு ஆறும் வரைக்கும் திட்டித் தீர்ப்பார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கார் வாங்க ஆள் வருகிறது. கார் போகும், சரசு சேலத்தில் ஹாஸ்டலில் தங்குவாள்.

"எனக்கு வேலையும் வேணுங்க, ராத்திரி எங்க ஊட்டுலயே படுக்கணுங்க" என்றாள் என்னிடம். "ஹாஸ்டல் ஃபேனுக்கடியில எனக்குத் தூக்கம் வராதுங்க பாய்."

இவ்வளவுதான் விஷயம். ஞாயிறு சாயந்திரத்துக்குள் அந்த வண்டி மலை ஏறியாக வேண்டும்.

டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சியை, உருவி மோந்து பார்த்தேன். ஆயில் கறுப்பு, தீய்ந்த வெல்லப்பாகு வாசனை. சாதாரண ஆயில் இந்த மலை ஏற்றத்துச் சூட்டில் வெந்து சத்தில்லாமல் போய்விட்டது. சிந்தெடிக் ஆயில் சூடு தாங்கும், சீக்கிரம் நீர்த்துப்போகாது. ஒரு தடவை வடித்தால் பழைய ஆயில் முழுக்க வந்துவிடாது, பாதிக்கு மேல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதனால் வடிப்பது, புதுசு ஊற்றுவது, கொஞ்சம் ஓட்டுவது, மறுபடி வடிப்பது என்று நிறம் தெளியும்வரை செய்தேன். கடைசியில் அளவு பார்த்தால் குறைவாகக் காட்டியது. கொஞ்சம் ஊற்றினேன். இன்னும் குறைவு. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

வடித்ததை அளந்து அதே அளவு ஊற்றவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சீல், அதாவது ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம், கசிந்து ஏற்கெனவே எவ்வளவு குறைந்திருந்தது என்று யாருக்குத் தெரியும்? அந்த வளையத்தை மாற்றிவிட்டு, குச்சி சொன்னதை நம்பினேன்.

2. மட்டம்

வளைவில் போய்ப் பார்த்தால் ரத்தமும் இல்லை ஒன்றும் இல்லை. புது ஆயிலின் நிறமே சிவப்புதான். கியர்பாக்ஸ் காற்று விடுகிற துவாரம் வழியாகப் பொங்கி வழிந்திருந்தது. டிப்ஸ்டிக்கை உருவினேன். ஆற்றின டீ மாதிரி ஒரே நுரை.

நுரைத்தால் அளவு கூடிப்போயிற்று என்று அர்த்தம். உள்ளே சுற்றுகிற சாமான்கள் ஆயிலைக் கடைந்துவிடும். இந்த வண்டியை நகர்த்துவதே ஆயிலின் பிரஷர்தான், நுரைக்கு பிரஷர் ஏது? வண்டி எப்படி ஏறும்? கார் ஆறியதும் ஜீப்பில் கட்டி மெல்ல இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தோம். குச்சி குறைவு என்றது, வண்டி அதிகம் என்கிறது. இரண்டில் ஒன்று பொய் சொல்ல வேண்டும்.

பக்கத்துச் சுவரைப் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் காளியப்பன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, கரண்டியைக் கழுவி வைத்து, கையில் ரசமட்டத்தோடு வந்தார். என் கடைத் தரையில் அதை வைத்தார். உள்ளே இருந்த காற்றுக் குமிழி ஒரே ஓட்டமாக ஒரு ஓரத்துக்குப் போய் நின்றது.

"பாய், இந்தத் தரை போட்டது யாருங்க?"

"நீதானப்பா."

"சாய்ச்சுப் போடச் சொன்னது யாருங்க?"

நான்தான். தண்ணீர் ரோட்டோரச் சாக்கடைக்கு ஓடணும் என்று நானே நின்று போடவைத்த தரை. அந்தச் சாய்வைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். காரின் மூக்கு உள்பக்கம், அதாவது மேட்டுப் பக்கம். ஆயில் பின்னால் ஒதுங்கிவிடும், குச்சியோ முன்னால் இருக்கிறது. குறைவாகத்தானே காட்டும்! ஜீப் கியர்பாக்ஸுக்கு இந்தச் சாய்வு ஒரு பொருட்டே இல்லை. இதுபோன்ற வண்டிக்கு விரல் அகலமே வாழ்வா சாவா.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது சரசுதான். அழவேண்டிய பெண் சிரிக்க ஆரம்பித்தால் நாம் என்ன செய்வது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

பின் சக்கரங்களுக்கு அடியில் செங்கல் வைத்துப் பார்த்தோம். ரிவர்ஸ் போட்டதும் செங்கல் பொடிப்பொடியானது. அளவு பார்க்க இன்ஜின் ஓட வேண்டும், எல்லா கியரும் மாற்றிப் பார்க்க வேண்டும். சமதரை இல்லாமல் நடக்காது.

"ஏற்காட்டுல சமதரைக்கா பஞ்சம்?" என்றேன்.

அன்றைக்குத்தான் தெரிந்தது, பஞ்சம்தான்.

3. ஊர்வலம்

ஜீப்பில் மூவரும் ரசமட்டத்தோடு கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் குமிழி ஏரிப் பக்கம் ஓடியது. டீக்கடை வாசலில் ரோட்டுப் பக்கம் ஓடியது. டீக்கடைக்காரர் கோபித்துக்கொண்டார். "எங்க கடை வாசல் சரியாத்தானுங்க இருக்குது. உங்க மட்டத்துலதான் கோளாறு."

ஃபுட்பால் கிரவுண்டுக்குப் போனால், பையன்கள் ஆட்டத்தை நிறுத்தாமலே சொன்னார்கள், "கீழ்ப்பக்கம் கோல் சும்மாவே உழுகும் பாய், அதுக்குத்தான் டாஸு."

கொட்டச்சேட்டில் ஒரு எஸ்டேட். காபிக்கொட்டை காயப்போடும் சிமென்ட் களம், பார்க்க ஏரித் தண்ணீர் போல விரிந்து கிடந்தது. எனக்கு வாயெல்லாம் பல். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் சிரித்துவிட்டார். "மழத்தண்ணி நிக்காம ஓடணும்னு சாய்ச்சுத்தானுங்க போட்டிருக்கோம்."

அதற்குள் விஷயம் பரவிவிட்டது. பின்னால் இரண்டு பைக்குகள். எங்க ஊட்டு வாசலைப் பாருங்க, எங்க மொட்டை மாடியைப் பாருங்க என்று அழைப்புகள். மொட்டை மாடிக்குக் காரை எப்படி ஏற்றுவது என்று யாரும் யோசிக்கவில்லை. என் மனைவி நூர்ஜஹான் போன் செய்தாள். "நம்ம ஊட்டுத் தரையையும் பாத்துப்போட்டு வாங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து தட்டுல குழம்பு உங்க பக்கமாத்தான் ஓடுது."

காளியப்பனுக்கு மட்டும் முகம் சுண்டிவிட்டது. பாதி இடங்கள் அவர் போட்ட தரை.

திரும்பும் வழியில் பின் சீட்டில் இருந்த சரசு திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு இருக்குதுங்க பாய். நூல் புடிச்ச மாதிரி மட்டம். ஆனா அது எங்கண்ணனோடதுங்க."

4. வெறுங்கால்

பெருமாளும் அவருடைய கூட்டாளிகளும் நாகலூரில் ஒரு ஷட்டில் கோர்ட் போட்டிருந்தார்கள். மலையை வெட்டி, ட்யூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, மண்ணை இடித்து, சிமென்ட் போட்டது. அங்கே செருப்புக்கு அனுமதி இல்லை. கோழி ஏறினால் கோழிக்காரர் வந்து துடைக்க வேண்டும்.

ஞாயிறு காலை, கூடுதலாக இருந்த ஆயிலைக் குத்துமதிப்பாக உறிஞ்சி எடுத்துவிட்டு, காரை மெல்ல நாகலூருக்கு ஓட்டிப் போனோம். கோர்ட்டில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் பெருமாள் ஷட்டில் மட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"காரா? கோர்ட்டுலயா? பாய், நாங்க செருப்பே உடறதில்லீங்க!"

"நான் வெறுங்காலோட ஓட்டறேண்ணா" என்றாள் சரசு.

"டயரு?"

"கழுவிப்போடலாம்."

"சாயந்திரம் வண்டி வாங்க ஆளு வருது. இனி எதுக்கு இந்தக் கூத்து?"

சரசு செருப்பைக் கழற்றிக் காருக்குள் போட்டாள். காளியப்பன் ரசமட்டத்தை நீட்டி, மெதுவாகக் கேட்டார். "உங்க கோர்ட்டு மட்டம்னு ஊரே சொல்லுது. நெசமானு இதுவரைக்கும் யாராவது பாத்தாங்களா?"

பெருமாள் முறைத்தார். "வெய்யி பாக்கலாம்!"

காளியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நடுக்கோட்டில் வைத்தார். குமிழி ஆடி, நடுவில் நின்றது. குறுக்கே திருப்பி வைத்தார். நடுவில் நின்றது. நான்கு மூலையிலும் வைத்தார். அசையவில்லை. ஆட வந்தவர்கள் விசில் அடித்தார்கள். பெருமாளின் மார்பு அகலமானதை நான் கண்ணால் பார்த்தேன். உலகத்தில் எங்கேயும் கிடைக்காத சமதரை தம்மிடம் இருக்கிறது என்று ரசமட்டமே சொல்லிவிட்டது.

"வலைய அவுருங்கடா" என்றார்.

பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் வந்தது. நாலு டயரையும் தேய்த்துக் கழுவித் துணியால் துடைத்தார்கள். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இந்த மரியாதை கிடையாது. சரசு அங்குலம் அங்குலமாக ஏற்றினாள். நானும் வெறுங்காலோடு பின்னால் போனேன். இன்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராக நிறுத்தி நிறுத்தி மாற்றச் சொன்னேன். பிறகு பார்க்கிங்கில் போட்டு, குச்சியை உருவித் துடைத்து, விட்டு, மறுபடி உருவினேன். இன்னும் அரை விரல் கூட இருந்தது. ஊசிக்குழாயால் உறிஞ்சினேன். மறுபடி பார்த்தேன். சரியாக 'ஹாட்' கோட்டில் நின்றது.

ஒரு சொட்டு கோர்ட்டில் விழுந்துவிட்டது. பெருமாள் தோளில் கிடந்த துண்டாலேயே குனிந்து துடைத்தார்.

"இனி ஏறுமா பாய்?"

"உங்க கோர்ட்டு மட்டம்னா ஏறும்."

"அப்படின்னா ஏறும்!" என்றார் பெருமாள். "வாங்க, நானும் வாரேன்."

5. பதினேழு

மலையடிவாரம் வரைக்கும் இறங்கித் திரும்பினோம். சரசு ஓட்டினாள், பக்கத்தில் நான், பின்னால் பெருமாளும் காளியப்பனும். பத்தாவது வளைவு வரைக்கும் பேச்சு இருந்தது. அதன் பிறகு பெருமாள் வளைவுகளை எண்ண ஆரம்பித்தார். பதினாறைத் தாண்டியதும் சரசு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். முதலில் பொங்கிய நுரையில் உள்ளே ஏதாவது தேய்ந்து போயிருந்தால் எந்த ஆயிலும் காப்பாற்றாது என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

பதினேழாவது வளைவு. எதிரே ஒரு பஸ். சரசு நிறுத்தி வழி விட்டாள். ஏற்றத்தில் நின்று எடுக்க வேண்டும்.

பின்னாலிருந்து பெருமாள் என் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினார். "ஏறிரும் சரசு! மிதி! அது நம்ம கோர்ட்டு மட்டம் புள்ள!"

மிதித்தாள். ஒரு உதறல் இல்லை, உறுமல் இல்லை. கார் வெண்ணெயில் வழுக்குவதுபோல ஏறியது. பதினெட்டு வந்ததே தெரியவில்லை. காளியப்பன் ரசமட்டத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினார். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, அன்றைக்குப் பள்ளிக்கூடப் பையனாட்டம் சீட்டில் குதித்தேன்.

நாகலூரில் கார் வாங்க வந்தவர் காபி குடித்துக்கொண்டு காத்திருந்தார். பெருமாள் இறங்கிய வேகத்தில் ஆரம்பித்தார். "ஏனுங்க, என்ன வண்டிங்க இது! சிந்தெடிக் ஆயிலு, சுத்தமான மட்டத்துல பாத்து ஊத்தினது. நின்ன எடத்துலேர்ந்து ஏறுதுங்க. சேலம் ஜில்லாவுல இப்படி ஒரு வண்டி கெடையாதுங்க."

வந்தவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படீன்னா இன்னைக்கே முடிச்சுக்கலாங்க."

பெருமாள் அவரை ஒரு விநாடி புரியாமல் பார்த்தார். "எதை முடிக்கறதுங்க? நாளைக்குப் பொழுதோட எந்தங்கச்சி எதுல ஊட்டுக்கு வருவா?"

வண்டி வேலை பழகும் பிள்ளைகளே, சிந்தெடிக் ஆயில் செத்த கியர்பாக்ஸை எழுப்பாது. உயிர் இருந்தால் காப்பாற்றும், அவ்வளவுதான். அதையும் சமதரையில் நிறுத்தி அளந்தால்தான் காப்பாற்றும். குச்சியை நம்புவதற்கு முன்னால் நிற்கிற தரையைப் பாருங்கள். என் கடைப் பலகையில் இப்போது ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கிறது: ஆட்டோமேட்டிக் ஆயில் அளவு நாகலூர் கோர்ட்டில் பார்க்கப்படும், டயரைக் கழுவிக்கொண்டு வரவும்.

திங்கட்கிழமை இருட்டும் நேரத்தில் கடை வாசலில் நின்றிருந்தேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான் நின்றேன் என்று நூர்ஜஹானிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. வளைவு திரும்பி ஒரு கார் வந்தது. நிற்கவில்லை, ஹாரன் மட்டும் நீளமாக அடித்தது. ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்து ஆடியது.

"ஊட்டுக்குப் போறேனுங்க பாய்!"