கயானாவிலிருந்து வந்த அறைத்தோழி

கூலியாகக் கூடுதல் நெல் கேட்டு அறுவடைக்குப் போக மறுத்ததற்காக அப்பா சிறையில் இருந்த வருடம், நான் தஞ்சாவூரில் கல்லூரி விடுதியில் படித்துக்கொண்டிருந்தேன். என் அறைத்தோழி லீலா கயானா நாட்டிலிருந்து உதவித்தொகையில் வந்தவள். பார்க்க நம் ஊர்ப் பெண் போலவே இருப்பாள்; ஆனால் இங்கிலீஷ் மட்டுமே பேசுவாள். திமிர் என்று முடிவு கட்டி எட்டு மாதம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் வேறு தோழிகள் இல்லை.

ஒரு மாலை அவள் அழுதுகொண்டிருந்தாள். "என்னாச்சு?" என்றேன். எனக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் சொன்னாள்:

"எங்கப்பா கரும்பு வெட்டுறவர். எங்க முன்னோர் இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவங்க. அங்கே வயல்ல, சந்தையில, வீட்டுல எல்லாமே இங்கிலீஷ்தான். தமிழ் கத்துக்கலாம்னு ஆசையா வந்தேன். யாருமே என்கிட்ட பேசலை."

இங்கிலீஷ் என்றால் மிராசுதார் வீட்டுப் பேச்சு என்றே அதுவரை நினைத்திருந்தேன். கூனிக் குறுகிப்போனேன்.

"எங்கப்பாவும் கூலிதான்" என்றேன் தமிழில்.

'கூலி' மட்டும் அவளுக்குப் புரிந்தது. அங்கே அவர்களை ஏசும் சொல் அது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுவாரமே படிப்பை விட்டு ஊருக்குப் போய்விட்டாள். காலியான கட்டிலைப் பார்த்தபடி அந்த வருடத்தை முடித்தேன். இப்போதெல்லாம் தனியாக நிற்கும் யாரைப் பார்த்தாலும், "எந்த ஊருங்க?" என்று நானே போய்க் கேட்டுவிடுகிறேன்.