செருகியே கிடந்த கன்ட்ரோலர்

எங்கள் ஊர் டொலிடோவில் சனிக்கிழமை மதியம் உருப்படியான மனிதர்கள் புல் வெட்டுவார்கள், கார் கழுவுவார்கள். உருப்படாதவர்கள் காமிக்ஸ் கடையின் பின்னறைக்கு வந்துவிடுவார்கள். அங்கே வாராவாரம் வீடியோ கேம் சண்டை ஆட்டப் போட்டி நடத்துகிறவள் நான், ரோசலின். யார் யாரோடு மோதுவது என்று கூப்பிடுவதும், கூச்சல் மிஞ்சினால் அதைவிடப் பெரிதாகக் கத்துவதும், எல்லோரும் போன பிறகு தரையில் கிடக்கும் சிப்ஸைப் பொறுக்குவதும் என் வேலை.

ஆட்டத்தைப் புரிந்துகொள்வது சுலபம். திரையில் அந்தரத்தில் ஒரு மேடை, அதன்மேல் இரண்டு பேர். எதிராளியை அடித்து மேடைக்கு வெளியே தள்ள வேண்டும். அடி வாங்க வாங்க ஆள் லேசாகி இன்னும் தூரமாகப் பறப்பான். நேரம் முடிந்தும் இருவரும் மேடையில் நின்றால், குறைவாக அடி வாங்கியவனுக்கு வெற்றி. பழைய ஆட்டம் என்பதால் புது டிவியில் ஓட்டினால் விரல் அசைவதற்கும் திரை அசைவதற்கும் நடுவே ஒரு பொடித் தாமதம் வரும். எங்கள் ஆட்கள் அதைப் பொறுக்க மாட்டார்கள். முதுகில் தொப்பை வைத்த பழைய டிவிகளையே வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு டிவிக்கு இரண்டு ஆள் வேண்டும். ஓரின் சாபோ மட்டும் ஒண்டியாகத் தூக்கி வருவான்.

ஓரின் குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அந்த டிவியின் மறுபக்கத்தைப் பிடிக்க முன்பு வெஸ்லி இருந்தான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். வேலை விட்டு வந்து, உறைந்த பீட்சாவைச் சூடாக்கித் தின்றுகொண்டே தூக்கம் வரும்வரை ஆடுவார்கள். வெஸ்லிக்குச் சியாட்டிலில் நல்ல வேலை கிடைத்தது. ஆட்டத்தை ஓட்டுகிற கைக்கருவியான தன் கன்ட்ரோலரை நண்பனிடம் விட்டுவிட்டுக் கிளம்பிப் போனான். ஆரம்பத்தில் போன் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

அப்புறம் ஓரினுக்குத் துணை கம்ப்யூட்டர்தான். திரையில் அது ஓட்டுகிற பொம்மைக்கு நின்று யோசிக்கத் தெரியாது, பாய்ந்துகொண்டே வரும். பாய்கிறவனிடமிருந்து தப்பிக்கும் வித்தைகளை ஓரின் ஒன்று விடாமல் கற்றான். அடி வருகிற நொடியில் பின்னால் வழுக்குவது, கேடயத்துக்குள் பதுங்குவது, விழும்போதே உருண்டு எழுவது, மேடையின் விளிம்பைப் பற்றித் தொங்குவது, அடியே பட்டாலும் எந்தப் பக்கம் பறப்பது என்று கன்ட்ரோலரின் குச்சியைச் சாய்த்துத் தானே தீர்மானிப்பது. குளிர்காலம் முழுவதும் அந்த வீட்டில் இதுதான் நடந்தது. வசந்தத்தில் மறுபடி எங்கள் அறைக்கு வந்தபோது அவனை ஒருவராலும் தொட முடியவில்லை.

தொட முடியாதவனோடு யாருக்கு ஆடப் பிடிக்கும்? ஒரு அடி கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பான், கடிகாரம் ஓடி முடிந்துவிடும். பார்க்கிறவர்கள் கோலா வாங்க எழுந்துவிடுவார்கள்.

"டேய் ஓரின், கிடங்குலயும் ரிவர்ஸ் கியர் மட்டும்தானா?" என்று ஒருவன் கேட்டான். அறையே சிரித்தது. ஓரினும் சிரித்தான், ஆனால் காது சிவந்துவிட்டது.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. போட்டி இல்லாத டிவியில் இரண்டாவது கன்ட்ரோலரைச் செருகி, காலி நாற்காலியில் வைத்துவிட்டால், யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று அர்த்தம். வாய்விட்டுக் கூப்பிடக் கூச்சப்படுகிற கூட்டம் கண்டுபிடித்த வழி. ஓரின் ஒவ்வொரு சனிக்கிழமையும் வெஸ்லியின் கன்ட்ரோலரைச் செருகி வைப்பான். ஜனங்கள் அந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

"ஜெயிக்கிறதுக்கா வர்ற?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இல்ல ரோசலின். யாராவது உக்காந்தா போதும்."

"அப்ப கொஞ்சம் முன்னாடி வந்து ஆடேன்பா. அடி வாங்கினா செத்தா போயிடுவ?"

"வரணும்னுதான் நினைக்கிறேன்" என்றான்.

ஜூனில் ஃபின்ட்லே என்ற ஊரிலிருந்து டெல்ஃபீன் வந்தாள். பல் மருத்துவமனையில் வேலை. நெடுஞ்சாலையில் அத்தனை தூரம் தனியாக ஓட்டி வருகிறவள். குரலும் பெரிது, ஆட்டமும் பெரிது. வந்த அன்றே எல்லோரையும் புரட்டியெடுத்து இறுதி ஆட்டத்தில் ஓரினுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

ஓரின் முதலில் ஒரு அடி கொடுத்தான். அதோடு பின்வாங்க ஆரம்பித்தான். அவள் பாய்ந்து பார்த்தாள், காற்றைத்தான் அடித்தாள். பிறகு மேடையின் மறுகோடிக்குப் போய் நின்று, கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் இவ்ளோ தூரம் ஓட்டிட்டு வந்தது ஆடுறதுக்குப்பா. வந்து ஒரு அடியாவது அடி."

அவன் அசையவில்லை. இரண்டு பொம்மைகளும் இரண்டு ஓரத்தில் நிற்க, கடிகாரம் முடிந்தது. ஓரின் ஜெயித்தான். அதோடு அன்றைய போட்டியையே ஜெயித்தான். யாரும் கை தட்டவில்லை. டெல்ஃபீன் கை குலுக்குவதற்குப் பதிலாக முஷ்டியை நீட்டி அவன் முஷ்டியில் இடித்தாள், முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனாள். மற்றவர்கள் டிவிகளை இரண்டிரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

அறை காலியானது. ஓரின் தன் டிவியை அணைக்கவில்லை. வெஸ்லியின் கன்ட்ரோலரைச் செருகி நாற்காலியில் வைத்தான். நான் சிப்ஸ் பொறுக்கினேன்.

மறந்துவிட்டுப் போன ஜாக்கெட்டை எடுக்க டெல்ஃபீன் திரும்பி வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"இந்தத் தடவையாவது முன்னாடி வருவியா?"

"வர்றேன்" என்றான்.

அவள் உட்கார்ந்தாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம். அவள் பொம்மை நடுமேடையில் வந்து நின்று காத்திருந்தது. ஓரினின் பொம்மை ஓரடி முன்னால் வந்தது. அவள் பொம்மை சும்மா கையைத்தான் ஆட்டியது. அவன் கட்டைவிரல் குச்சியைப் பின்னால் இழுத்துவிட்டது. மறுபடி முன்னால் வந்தான், மறுபடி வழுக்கிப் பின்னால் போனான். அவன் நெற்றியில் வியர்வை. வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அந்த விரலுக்கு வேறொன்றும் தெரியவில்லை.

"வேணும்னு பண்ணல" என்றான்.

டெல்ஃபீன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "பரவால்லப்பா. இருட்டுறதுக்குள்ள ஊர் போய்ச் சேரணும்" என்று கன்ட்ரோலரைப் பதமாக நாற்காலியில் வைத்துவிட்டு, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

அவளுடைய பொம்மை நடுமேடையில் அப்படியே நின்றது. இனி அதை ஓட்ட ஆளில்லை, அது யாரையும் அடிக்காது. ஓரின் அதை நெருங்கிப் போனான். தொடுகிற தூரம் வந்ததும் பின்னால் வழுக்கினான்.