தறிக்குழியில் இறங்கிய நாள்

கலாக்கா போய்விட்டார். மதியம் ஆரணியிலிருந்து அவர் மகன் போன் செய்தான்...

இங்கே இருக்கிற யாருக்கும் அவரைத் தெரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு அவருடையது. பட்டு நெசவுக் குடும்பம். முன்கூடத்தில் அவர்கள் தறி, பின்கட்டில் நாங்கள்.

குழித்தறி. தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு நெய்வார்கள். தெருவுக்குப் போக அந்தக் குழியை ஒட்டித்தான் போகவேண்டும்.

என் இந்து அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். அவள் கூடத்துப் பக்கம் திரும்பினாலே "ஐயோ" என்று கத்திக்கொண்டு ஓடுவேன்.

ஒருநாள் தறி ஓடாத நேரம். பிள்ளை கண்ணில் படக்கூடாது என்று குழிமேல் பாயை விரித்து மூடிவிட்டேன். ஆபீஸ் விட்டு வந்த என் கணவர் நேராக அதன்மேல் கால் வைத்தார்...

நல்லவேளை, சிராய்ப்போடு போனது. கலாக்கா மஞ்சள் அரைத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டார், "இன்னா வசந்தா, கொழந்தைய காப்பாத்த புருசன குழில தள்றியா?"

அதற்குப் பிறகு இந்து கூடத்துக்கே வரமாட்டாள். நிலைப்படியில் நின்று குழியைக் காட்டி "ஐயோ" என்பாள். தூக்கிக்கொண்டு போனாலும் என் கழுத்தை இறுக்கிக்கொண்டு நடுங்குவாள். தெருவில் மற்ற பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்கும், இவள் உள்ளேயே நின்று அழுவாள்.

காலேஜில் சைக்காலஜி படித்தவள் வேறு நான். பிள்ளை இப்படியே பயந்து பயந்து வளர்ந்துவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் இந்து அப்படி அழும்போது கலாக்கா தறியிலிருந்து எழுந்தார்.

"குழின்னா இன்னான்னு அதுக்கு இன்னா தெரியும்? அது உன் மூஞ்சியதான் பாத்துகினு இருக்குது. நீ மொதல்ல எறங்கு."

இறங்கினேன். உள்ளே சில்லென்று இருந்தது. இடுப்பளவு ஆழம்கூட இல்லை... ஆனாலும் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"சிரி. பொய்யாவாச்சும் சிரி," என்றார் காதோரம்.

சிரித்தேன்.

இந்து ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைக் குழிக்குள் விட்டாள். பிறகு இன்னொரு கால்.

கலாக்கா அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

சற்றுமுன் இந்துவிடம் போனில் சொன்னேன். "யாரும்மா அது?" என்றாள். அந்த வீடுகூட அவளுக்கு நினைவில்லை. சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தவள், லீவ் போட்டுவிட்டு நானும் வருகிறேன் என்றாள்.

காலையில் இரண்டு பேரும் வந்துவிடுகிறோம், கலாக்கா.

அதுவரை இருங்க...