நான் டிக் போட்ட டிரம்

கொசுப்புழு தேடுவதுதான் என் வேலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய காலனிகளில் வீடு வீடாகப் போய், தண்ணீர்ப் பாத்திரங்களுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பேன். மூடாத குடத்தைக் கண்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். "டெங்கு வந்து படுத்தாத்தான் புத்தி வருமா?" என்று கத்துவேன். நான் தெருமுனையில் திரும்பும்போதே, "வந்துட்டாங்கப்பா மூடி அக்கா" என்று சிரிப்பார்கள்.

லாரித் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வரும் தெரு அது. பிடித்து வைக்காமல் முடியாது. கடைசி வீட்டுப் பெண் அப்போது ஏழு மாத கர்ப்பிணி. முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டதால், இந்த முறை நான் எது சொன்னாலும் அப்படியே செய்வாள். அவள் புருஷன் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். அங்கே கழித்துப் போட்ட நீல டிரம் ஒன்றைத் திருகுமூடியோடு கொண்டுவந்து வைத்தான். கொசு என்ன, எறும்புகூட நுழையாது. எனக்கு ஏக சந்தோஷம். டிரம் மேலேயே சாக்பீஸால் பெரிதாக டிக் போட்டு, "பாத்துக் கத்துக்கோங்க" என்று தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த மாதம் போனால் வீட்டுக்கு வீடு நீல டிரம். எல்லாவற்றிலும் என் டிக்.

தலை சுற்றுகிறது, கை மரத்துப்போகிறது என்று அவள் சொன்னபோதும், "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று அடக்கினவள் நான்தான்.

ஒரு வெயில் நாளில் டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். வாயருகே கொண்டுபோனதும் நெயில் பாலிஷ் வாடை. டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே டார்ச் அடித்தேன். பாதி கிழிந்த லேபிளில் மண்டை ஓடு. இத்தனை நாள் உள்ளே மட்டுமே பார்த்த மூதேவி நான்! வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை. அதுவும் என் மடியில் இல்லை, அவள் மடியில்.

"இந்தத் தண்ணி வேணாம்மா. கீழ ஊத்திடு."

"இன்னாக்கா சொல்றீங்க? சோப்புத்தூள் போட்டு மூணு தபா கழுவிக்கினுதான் ரொப்பினோம். வாடை போவப் போவ சரியாயிடும்னு அவரு சொன்னாரு. டாக்டரம்மா வேற நெறைய தண்ணி குடிக்கச் சொல்லிக்கிறாங்க."

"நீ மொதல்ல கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதுல்லக்கா?"

"சீ, சீ. ஒண்ணும் ஆகாது."

அவள் கண் என் கையில் இருந்த டம்ளருக்குப் போனது.

"அப்போ குடிங்கக்கா."

தாகத்தில் தொண்டை ஒட்டியிருந்தது. நான் டம்ளரைத் தரையில் வைத்தேன். அவள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, என்னிடமிருந்து மறைப்பவள்போலச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.