கண்மாய் மரங்கள் ஏலம் போன வருஷம்

மேடைகளில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள், மழைக்காட்டில் ஆய்வு செய்துகொண்டிருந்த பெண், பறவைகள் மேல் வைத்த அன்பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார் என்று சொல்கிறார்கள். நான் கீழே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். அன்பாவது மண்ணாவது. நான் கோபத்தில் வந்தவள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதில் பாதி என்மேல்தான்.

எனக்குத் திருத்தங்கலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை பறித்துப் பிழைத்தவர்கள். மழை பொய்த்துப் பொய்த்து வயல்வேலை அற்றுப்போனதும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனார்கள். அக்கா பத்தாவதோடு நின்று குழாய் உருட்டப் போனாள். வெடிமருந்து அடைக்கிற காகிதக் குழாய். நான் படித்தேன். விலங்கியல் முடித்து, மேற்கே மலையில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது.

"அங்கன என்னதான் வேல பாக்குற?" என்று அக்கா கேட்டாள்.

"அத்தி மரத்துக்கு எதுக்க உக்காந்து, எந்தப் பறவ எம்புட்டுப் பழம் திங்குதுன்னு எழுதுறேன்."

"இதுக்கு ஒரு படிப்பா?" அவள் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது.

ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பரணில் விடியலிலிருந்து உட்கார்ந்திருப்பேன். காலில் அட்டை ஏறும். இருவாச்சி வந்து இறங்கும்போது இறக்கைச் சத்தம் ரயில் என்ஜின் மூச்சு விடுவதுபோல் கேட்கும். ஐந்து வருஷம் அத்திப்பழமும் இருவாச்சியுமாக என் நோட்டுகள் நிறைந்தன. ஆய்வேடு முடிந்ததும் நல்ல வேலை காத்திருக்கிறது என்று என் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் வரிசையாகக் கருவேல மரங்கள் உண்டு. நான் சின்னவளாக இருந்தபோது அரசாங்கம் நட்டவை. மரம் வளர்ந்ததும் தை பிறந்தால் நாரைகள் வந்து கூடு கட்ட ஆரம்பித்தன. ஊரில் பெரிய கொக்கு என்போம். மஞ்சள் மூக்கு, வெள்ளை உடம்பு, வாலடியில் தாவணிக் கரைபோல ஒரு ரோஸ் நிறம். சங்குவளை நாரை என்ற பெயரைக் கல்லூரிக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். பறவை பார்க்கிற பழக்கமே எனக்கு அங்கேதான் வந்தது.

ஒரு மாசி மாதம், மலையில் எங்கள் ஆய்வு நிலையத்துக்கு இருந்த ஒரே போனில் அக்கா கூப்பிட்டாள்.

"ஏ புள்ள, கம்மாய்க்குள்ள மரத்த வெட்டுறாக. ஏலம் போயிருச்சாம். காலைல வேன்ல வேலைக்குப் போறப்ப பாத்தேன். குஞ்சோட விழுகுது."

பேராசிரியரிடம் போய் ஊருக்குப் போக வேண்டும் என்றேன். காரணம் கேட்டார். சொன்னேன்.

"அது எல்லா இடத்துலயும் இருக்கிற பறவை. அதை வச்சு ஒரு கட்டுரைகூட வராது. இங்க அத்தி பழுத்துக் கிடக்கு. இப்ப போனா ஒரு வருஷ வேலை போச்சு. பழம் எண்ணி முடிச்சுட்டுப் போ."

நான் இருந்தேன். நாலு நாள் இருந்து பழம் எண்ணினேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. என் வேலை, என் பட்டம், எனக்குக் கிடைக்கப்போகிற நாற்காலி என்று நானேதான் இருந்தேன். இதை எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை.

ஐந்தாம் நாள் மலையிறங்கி மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தபோது பாதி மரங்கள் தரையில் கிடந்தன. தண்ணீர் வற்றிச் சேறு காய்ந்துகொண்டிருந்தது. மெஷின் ரம்பம் ஒரு பக்கம் அலறியது. லாரியில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. விழுந்த கிளைகளுக்கு நடுவே, இறகு முளைக்காத குஞ்சுகள், இறகு முளைத்தும் பறக்க வராத குஞ்சுகள். உயிரோடிருந்தவை முழங்காலில் குந்திக்கொண்டு என்னைப் பார்த்து வாயைத் திறந்தன. விழுங்கிய மீனையெல்லாம் பயத்தில் கக்கி வைத்திருந்தன. தாய்ப் பறவைகள் மேலே சுற்றின. அந்தப் பறவைக்குக் கத்துவதற்குக் குரல் கிடையாது. மூக்கைத் தட்டி ஒரு சத்தம் எழுப்பும், அவ்வளவுதான். சத்தம் இல்லாமல் அவை சுற்றிக்கொண்டே இருந்தன.

கிளை கழித்துக்கொண்டிருந்தவர்களில் அக்கா புருஷனும் இருந்தார்.

"மச்சான், நீங்களுமா?"

அவர் கோடாரியை ஊன்றி நிமிர்ந்தார். இரண்டு வருஷம் முன்னால் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறை வெடித்தபோது உள்ளே இருந்து வெளியே வந்தவர் அவர். கூட இருந்த இரண்டு பேர் வரவில்லை. அவர் கைகள் முழங்கைவரை சுருங்கிப் பளபளப்பாக இருக்கும். அதற்குப் பிறகு கம்பெனி வாசலை மிதிக்கவில்லை. மரம் வெட்டத்தான் போவார்.

"நீங்களுமான்னா? வேறெங்க போகச் சொல்லுத?"

"குஞ்சு விழுறது கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரியுது. மொத நாளே ஏலம் எடுத்தவன்கிட்டச் சொன்னேன், ரெண்டு மாசம் பொறுங்க, குஞ்சு பறந்துரும்னு. லாரி பேசியாச்சுன்னான்." அவர் குரல் உயர்ந்தது. "இந்தக் கொக்குக்கு மலையில இருந்து பஸ் ஏறி வந்திருக்க. என் கூட வேல பாத்தவன் ரெண்டு பேரு வெந்தான். அப்ப வந்தியா நீ? ஒரு மனு எழுதிக் குடுத்தியா?"

வந்தேன். துக்கம் கேட்டுவிட்டு மறுநாள் மலைக்குப் போய்விட்டேன். மனு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் கேட்டது நியாயம் என்பதால் அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. செத்த குஞ்சுகளைப் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

மறுநாள் மனு வாங்குகிற நாள். எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று சொல்லப்போவதில்லை. சாக்கோடு உள்ளே போனேன்.

"அம்மா, அதை வெளியில வைங்க. நாத்தம் தாங்கல."

"இதைக் காட்டத்தான் வந்தேன்."

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கோப்பைப் பிரித்தார். "பாருங்க, ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டு அளவெடுத்திருக்கோம். கூடுன்னு ஒரு எழுத்து இல்ல. பறவை இருந்துச்சுங்கறதுக்கு ரெக்கார்டு இருக்கா? யாராவது ஆய்வு பண்ணி எழுதியிருக்காங்களா? காட்டுங்க, ஏலத்தை நிறுத்தச் சொல்றேன்."

என்னைத் துரத்துவதற்காகக் கேட்ட கேள்விதான். ஆனாலும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எழுதியிருக்கிறார்களா? எழுதியிருக்க வேண்டியவள் நான். இந்தச் சுற்று வட்டாரத்தில் அதற்குப் படித்தவள் வேறு யார்? மலையில் ஒரு அத்தி மரத்தில் எந்தப் பழத்தை எந்தப் பறவை கொத்தியது என்று நேரத்தோடு என் நோட்டில் இருக்கிறது. நான் பிறந்த ஊர்க் கண்மாயைப் பற்றி ஒரு வரி இல்லை.

மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள். அந்த வாரத்துக்குள் மீதி மரங்களும் போய்விட்டன. கரையோரம் குழி தோண்டிக் குஞ்சுகளைப் புதைத்தேன். அக்கா அன்று வேலைக்குப் போகாமல் கூட வந்து மண் தள்ளினாள்.

ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தேன். வேலைக்குச் சேரவில்லை. "வீணாப் போற" என்றார் பேராசிரியர். "நாலு நாள் பழம் எண்ணினேனே, அன்னைக்கே வீணாப் போயிட்டேன் சார்" என்றேன். அதோடு எங்களுக்குள் பேச்சு இல்லை.

அதற்கடுத்த வருஷங்களில் நான் செய்ததெல்லாம் கண்மாய் கண்மாயாகப் போய்க் கூடு எண்ணியதுதான். டவுன் பஸ், அது போகாத இடத்துக்கு மச்சானின் பழைய மொபட். அவர் முதலில் மொபட்டை மட்டும் கொடுத்தார். பிறகு, "உனக்கு மரம் பாக்கத் தெரியல" என்று முணுமுணுத்துக்கொண்டு கூட வர ஆரம்பித்தார். வெட்டுகிறவர்களுக்கு எந்தக் கண்மாயில் எத்தனை கூடு என்று எப்போதுமே தெரியும். அவர்களை யாரும் கேட்டதில்லை. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஏலம் அறிவிக்கும் முன்பே அந்தக் கணக்கை அதே அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு பள்ளிக்கூட ஆசிரியைகளும் சில கல்லூரிப் பெண்களும் சேர்ந்தார்கள். ஒரு அமைப்பு என்று பதிவு செய்தோம். கையெழுத்துப் போட வேறு யாருக்கும் தைரியம் இல்லாததால் நான் தலைவி ஆனேன். அவ்வளவுதான் என் தலைமைக் கதை.

மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி எங்கள் கணக்கை முழுதாகப் படித்தார். படிக்கிற அதிகாரியை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். கூடு இருக்கிற கண்மாய்களில் குஞ்சு பறக்கிறவரை வெட்டக்கூடாது என்று ஏல நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தார். ஆசிரியைகள் லட்டு வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு பத்திரிகை என் படத்தைப் போட்டது.

அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் அதைத் தொடவில்லை.

"ஒன் கொக்கு பொழச்சுக்கிருச்சு. தையில இருந்து ஆனி வரைக்கும் வெட்டு இல்லன்னுட்டாகளாமே. அம்புட்டு மாசம் இவரு என்ன செய்வாருன்னு யோசிச்சியா?"

"மச்சான் எங்க?"

"கம்பெனிக்குப் போயிட்டாரு. அதே விஸ்வநத்தம் பக்கந்தான். மருந்து ரூமுக்கு."

நான் யோசிக்கவில்லை. கூடு எண்ணினேன், குஞ்சு எண்ணினேன், வெட்டுகிறவனின் அடுப்பை எண்ணவில்லை. இரண்டு கோடை அவர் அங்கே போனார். எங்காவது வெடிச் சத்தம் கேட்டால் அக்கா செருப்புப் போடாமல் தெருவுக்கு ஓடுவாள். எந்தத் திசையில் புகை என்று பார்ப்பாள். ஒருமுறை நானும் அவளோடு நின்றேன். புகை வேறு பக்கம். "நம்ம பக்கம் இல்ல" என்று சொல்லிவிட்டு, யாரோ ஒருத்தியின் பக்கம்தானே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மச்சானுக்கு எதுவும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதற்காக நான் செய்தது சரியாகிவிடுமா?

மறுபடியும் மனு, மறுபடியும் அலைச்சல். இந்த முறை கூடுகளுக்காக இல்லை. வெட்டு நிற்கிற மாதங்களில் வெட்டுகிறவர்களையே கூலி கொடுத்துக் கூடுகளுக்குக் காவல் வைக்க வேண்டும் என்று கேட்டேன். "இதுக்கு விதி இல்லையே" என்றார்கள். ஒரு நகரத்துக் கூட்டத்தில், பெரிய அமைப்பின் ஆள் ஒருவர், "மரம் வெட்டுறவங்கள நம்பி எப்படிம்மா ஒப்படைப்பீங்க?" என்று கேட்டார். சிவகாசி காலண்டர் ஒன்று அந்த அறைச் சுவரில் தொங்கியது. அதைக் காட்டி, "அதைச் செஞ்சதும் இதே மாதிரி எங்க பக்கத்துக் கூலி ஆளுகதான். அவங்கள நம்புறீங்கல்ல?" என்று கத்திவிட்டேன். கூட்டம் அதோடு கலைந்தது. அந்த அமைப்பு எங்களை மறுபடி கூப்பிடவில்லை. இரண்டாவது வருஷக் கடைசியில் காவலுக்கு உத்தரவு வந்தது, ஒரு சீசனுக்கு மட்டும் என்று.

அந்த சீசனில்தான் ஆலங்குளம் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் ஏலம் எடுத்தவர் முன்கூட்டியே ஆள் இறக்கினார். தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது மச்சானும் இன்னும் மூன்று காவல்காரர்களும் லாரிக்கு முன்னால் நின்றிருந்தார்கள்.

"வழிய விடுங்க. மழைக்கு முந்தி லோடு போகணும்" என்றான் லாரியோடு வந்தவன்.

"குஞ்சு இன்னும் கூட்ட விட்டு எறங்கல. எறங்குன பெறகு வாங்க" என்றார் மச்சான்.

"ஏலே, நீயும் கோடாரி தூக்குனவன்தான?"

"ஆமாலே, தூக்குனேன். எங்க ஊரு மரத்தக் குஞ்சோட சாச்சவன் நான்தான். இன்னொருக்காச் சாய்க்க மாட்டேன். நீ வேணா என்மேல ஏத்திட்டுப் போ."

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. சுருங்கிய இரண்டு கைகளையும் லாரியின் முன்பக்கத்தில் ஊன்றிக்கொண்டு நின்றார். நான் ஏல நிபந்தனைத் தாளை எடுத்து நீட்டினேன். அவன் தாளைப் பார்க்கவில்லை, அந்தக் கைகளைத்தான் பார்த்தான். கொஞ்ச நேரம் போனில் யாரிடமோ பேசிவிட்டு லாரியைத் திருப்பினான்.

அந்தக் கண்மாயில் அந்த வருஷம் குஞ்சுகள் பறந்தன. எங்கள் ஊர்க் கண்மாய்க்கு நாரைகள் திரும்பவில்லை. அங்கே நாங்கள் புதிதாக நட்ட கன்றுகள் இடுப்பளவு இருந்தன, சிலவற்றை ஆடு தின்றது.

லாரி திரும்பிய அன்று மச்சானோடு மொபட்டில் வீட்டுக்குப் போனேன். அக்கா சோறு போட்டாள். நடந்ததை அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அடுத்த வருசமும் இவருக்குக் காவல் வேல உண்டா?"

"தெரியலக்கா."

"தெரியாம எதுக்கு இங்கன உக்காந்து தின்னுக்கிட்டு இருக்க?"

அடுத்த வருஷக் காவலுக்கு மனு எழுதிக்கொண்டு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன்.