வாளியில் செத்த குஞ்சுகள்

படகுத்துறையில் என் வீட்டுக்காரருக்குப் பெயர் உசுரு. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அங்கே ஒருவருக்கும் தெரியாது. தூண்டில் போடப் போகிற சின்னப் படகுக்காரர்களுக்கு உயிரோடு இரை பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். செத்த இரையைப் பெரிய மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. தூண்டில் முள்ளில் குத்தின பிறகும் மீன்குஞ்சு துடிக்க வேண்டும். இவர் கொடுக்கிற மடவை மீன் குஞ்சு உச்சிவெயில் வரைக்கும் படகு வாளியில் சுற்றிச் சுற்றி வரும். அதனால் வந்த பெயர் அது. அந்தப் பெயரின் மேல் மனிதருக்கு இருந்த கர்வம் இருக்கிறதே, அப்பப்பா! என்னைக் கட்டிக்கொண்ட அன்றைக்குக்கூட அவ்வளவு பூரித்திருக்க மாட்டார்.

வலையை வீசினால் குஞ்சு தானாக வந்து விழும் என்று நினைக்காதீர்கள். விடிந்ததும் கழிமுகத்து ஓரமாக, வெயில் முகத்தில் படும்படிதான் நடப்பார். முதுகில் பட்டால் நிழல் முன்னே போய்க் கூட்டத்தைக் கலைத்துவிடும். காற்றே இல்லாத இடத்தில் தண்ணீர் லேசாக நடுங்கினால் கீழே கூட்டம் மேய்கிறது என்று அர்த்தம். வலையின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பி ஒரு வீச்சு. வட்டமாக விரிந்து விழும். இழுத்து முடிப்பதற்குள் என் தம்பி வாளியோடு பக்கத்தில் நிற்க வேண்டும். குஞ்சைப் பொறுக்கிப் போடுவது மட்டும் இவர்தான். நனைந்த கையால் எடுக்க வேண்டும்; காய்ந்த கை பட்டால் மேலே இருக்கும் வழவழப்பு போய்விடும், குஞ்சு பிழைக்காது. சோப்புக் கை கூடாது, எண்ணெய்க் கை கூடாது. என்னை அந்த வாளிப் பக்கமே விட்டதில்லை. "உன் கை அடுப்படிக் கை, தள்ளு தள்ளு" என்பார். நானும், "ஆமா, அந்தக் கை ஆக்கிப் போடுறதைத் தின்ன மட்டும் தெரியுது" என்பேன்.

என் தம்பி வாயில்லாப் பூச்சி. கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொல்வதற்குள் கேட்டவர் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். ஆனால் வாளி விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. குஞ்சு மிரளாமல் தண்ணீர் மாற்றுவான், வெயில் ஏறினால் ஈரச்சாக்கை மேலே போடுவான். முன்பு பீடி குடித்துக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆனதும் பெண்டாட்டி விட வைத்துவிட்டாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று வாளியில் குஞ்சுகள் சாக ஆரம்பித்தன. முதலில் ஒன்றிரண்டு வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அப்புறம் பாதி வாளி. "என்ன உசுரு, பேரை மாத்திடலாமா?" என்று ஒரு படகுக்காரர் கிண்டல் செய்திருக்கிறார். இன்னொருவர், எங்களிடம் வெகுகாலமாக இரை வாங்குகிற தொப்பிக்காரர், செத்த குஞ்சுகளை இவர் காலடியிலேயே கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த அவமானத்தை இவர் அப்படியே என் தம்பியின் தலையில் இறக்கினார். நான் அங்கே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த துறை ஐஸ்கடைக்காரி வீடு தேடி வந்து என்னிடம் சொன்னாள்.

"பீடி குடிச்ச கையை வாளியில விட்டியா?" என்று கேட்டாராம்.

"இல்ல மச்சான். அதை விட்டு எவ்வளவோ நாளாச்சு."

"புளுகாதே. கையை நீட்டு."

இரண்டு கையையும் பிடித்து இழுத்து, மூக்கருகே வைத்து, புரட்டிப் புரட்டி முகர்ந்தாராம். திருடனைச் சோதனை போடுகிறவர்கள்கூட அப்படிச் செய்ய மாட்டார்கள். சுற்றிலும் படகுக்காரர்கள். "பாருங்க, எல்லாரும் நல்லாப் பாருங்க! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்ட கை இதுதான்!" என்று கத்தினாராம். தம்பி நிமிர்ந்து இவரைப் பார்த்தானாம். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமலே வாளியைக் கீழே வைத்துவிட்டு நடந்துவிட்டான். அதோடு எங்கள் வீட்டுப் பக்கமும் வரவில்லை.

விடுவேனா நான்? இவர் வீட்டுக்குள் கால் வைத்ததும் பிடித்துக்கொண்டேன். "முகர்ந்து பார்த்தீங்களே, பீடி நாத்தம் வந்துச்சா?"

"வந்த மாதிரிதான் இருந்துச்சு."

"மாதிரியா? ஒரு மனுசனைச் சந்தியில நிறுத்த, மாதிரி போதுமா உங்களுக்கு?"

"உன் தம்பின்னா மட்டும் உனக்குப் பொத்துக்கிட்டு வந்துடும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தம்பி போன பிறகு வாளி பிடிக்க ஆள் இல்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார். அடுப்படிக் கை அப்போது மட்டும் ஆகுமாம்! மணலைப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனேன். இருந்தாலும் ஒரு விரலைக்கூட வாளிக்குள் விடவில்லை. எங்கே என் தலையை உருட்டுவாரோ என்ற பயம். துறைக்குத் திரும்புவதற்குள் பாதிக் குஞ்சு போய்விட்டது. என் தம்பி அங்கே இல்லை, என் கையும் படவில்லை. அப்படியானால் எப்படி?

மறுநாள் வாளியை விட்டுவிட்டு மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வீச்சுக்கும் பல்லைக் கடித்தார். வலை பழைய மாதிரி விரியவில்லை. ஓரமாக வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மடியிலிருந்து எதையோ எடுத்துத் தோளில் தேய்த்தார்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல. நீ வாளியைப் பிடி."

நான் தண்ணீருக்குள் இறங்கி, நேராக அவர் மடியில் கையை விட்டுவிட்டேன். வலிக்குத் தேய்க்கிற தைலம். மூடியைத் திறந்ததுமே கண் கரித்தது.

"அடப்பாவி மனுசா! இதைத் தேய்ச்ச கையாலயா குஞ்சை எடுத்துப் போட்டீங்க?"

"சட்டையில துடைச்சுட்டுத்தானே..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். தன் கையைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

தோள் போய் வெகுநாள் ஆகியிருக்கிறது. தெரிந்தால் படகுக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டுக்கு வருமுன் துறையிலேயே குளித்துத் தைல வாசனையையும் போக்கிவிடுவாராம். "என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?" என்றேன். "உன்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி" என்றார். வேறு சமயமாக இருந்தால் அதற்கு நான் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன். ஆனால் மனிதர் கரையில் உட்கார்ந்து வலையை மடியில் போட்டுக்கொண்டு, "அவன் கையைப் போய் முகர்ந்தேனே... அவன் கையைப் போய் முகர்ந்தேனே..." என்று புலம்பிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவருக்கு நான் பெண்டாட்டி என்பதே அந்த நேரத்தில் கூச்சமாக இருந்தது.

தெரிந்தவுடனே ஓடிப் போய்க் காலில் விழுந்திருக்க வேண்டாமா? போகவில்லை. தம்பி இருக்கிற தெருவைத் தவிர்த்துவிட்டுச் சுற்றுவழியாகத் துறைக்குப் போனார். "எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போறது?" என்றார். "இருக்கிற ஒரு முகத்தோட வாங்க. தள்ளிப் போட்டா என் தம்பி எனக்கு இல்லாமலே போயிடுவான்" என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வழி நெடுக என்ன பேசுவது என்று முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தம்பிதான் கதவைத் திறந்தான். சிமெண்டுக் கிடங்கில் மூட்டை தூக்கப் போகிறானாம், விரலெல்லாம் வெடித்திருந்தது. "வாங்க மச்சான், வாக்கா" என்று இருந்த ஒரே நாற்காலியை இவர் பக்கம் நகர்த்தினான். அவன் பெண்டாட்டி வெளியே எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே பாத்திரங்கள் மட்டும் டமால் டமால் என்று விழுந்தன. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

இவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "மாப்ளே..." என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது எங்கே போனதோ.

தம்பியே கேட்டான். "தோள் வலி இப்ப எப்படி இருக்கு மச்சான்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு யாருடா சொன்னது?"

"யாரும் சொல்லலக்கா. அன்னைக்கு என் கையைப் பிடிச்சு முகர்ந்தாரில்ல, அப்ப அவர் கையிலேருந்து தைல வாசனை அடிச்சுது. குஞ்சு எதனால சாகுதுன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"அப்பவே அதைச் சொல்லித் தொலைக்கிறதுக்கென்னடா?"

வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு, "எப்படிக்கா சொல்றது? எல்லாரும் பார்த்துக்கிட்டு நின்னாங்களே. மச்சான் பேரு என்னாகும்?" என்றான்.

என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டார். தம்பி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தூக்கிப் பார்த்தோம். எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டார்.